கடவுச்சொல் இல்லாத கதவு

அடையாற்றின் கரையில் அமைந்துள்ள கோட்டூர்புரத்தை நம் வாசகர்களுள் பலர் அறிந்திருப்பர். 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகமும், 1988-இல் நிறுவப்பெற்ற பிர்லா கோளரங்கமும் அப்பகுதிக்கு அறிவுலகில் ஓர் இடத்தைத் தந்துள்ளன. ஓய்வுபெற்ற உயர் அலுவலர்களின் தனி வீடுகளும், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும், அன்றாடக் கூலிக்குச் செல்வோர் நெருங்கி வாழும் அடுக்கு வீடுகளும் சில தெருக்களின் இடைவெளியில் அங்கே நிற்கின்றன. வாழ்க்கை நிலையால் வேறுபட்ட இவ்வீடுகளை ஒன்றாக்கும் பொருள் ஒன்று உண்டு. அலமாரியின் மூலையிலோ, நாட்காட்டியின் பின்புறத்திலோ, துணிகளின் அடியிலோ மறைத்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு குறிப்பேடே அது. வங்கி, மின்கட்டணம், இரயில் பயணச்சீட்டு, ஓய்வூதியம், எரிவாயு என்று ஒவ்வொன்றிற்கும் உரிய கடவுச்சொற்கள், அடித்தும் திருத்தியும் மீண்டும் எழுதியும் அதில் நிரம்பியிருக்கும்.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது இக்குறிப்பேட்டை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியோர் இதனைத் தம் நிலப்பத்திரத்தினும் மேலாகக் காத்து வருகின்றனர். இக்குறிப்பேட்டிற்கு விடைகொடுக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று தொழில்நுட்ப வல்லுநர் கூறுகின்றனர். கடவுச்சொல்லே இல்லாமல், விரலைத் தொட்டோ முகத்தைக் காட்டியோ நுழையும் முறை இன்று பரவி வருகின்றது. இது நமக்கு நன்மையா? நன்மையாக வேண்டுமாயின் அதனை அமைப்போரும் பயன்படுத்துவோரும் கருத்தில் கொள்ள வேண்டியவை யாவை? இவ்வினாக்களைச் சற்றே ஆராய்வோம்.

சொல் பிறந்த கதை

கம்ப்யூட்டரை அணுகுவோரிடம் இரகசியச் சொல் கேட்கும் வழக்கம் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. 1961-இல் பெர்னாண்டோ கொர்பாட்டோ என்னும் அறிஞரின் தலைமையில் உருவான அமைப்பில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் நேரம் பகிர்ந்து பயன்படுத்தினர். ஒருவருடைய கோப்புகளை மற்றொருவர் காணாதிருக்கும் பொருட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் வழங்கப்பட்டது. மறு ஆண்டிலேயே அப்பூட்டு உடைந்தது! தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாதிருந்த ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தருமாறு கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட்டு, பிறர் பெயரால் உள்ளே நுழைந்தார். பல்லாண்டுகள் கழித்து அவரே இதனை வெளிப்படுத்தினார்.

கடவுச்சொல்லின் இரு குறைகளுள் ஒன்று இந்நிகழ்ச்சியில் வெளிப்படுகின்றது. நாம் எத்துணைக் கவனத்துடன் நம் சொல்லைக் காத்தாலும், அதே சொல்லை நம்மிடம் கேட்கும் நிறுவனமும் தன்னிடத்தில் அதற்கொரு தடயத்தை வைத்திருக்க வேண்டியுள்ளது. அங்கே திருட்டு நிகழின் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மற்றொரு குறை நம் நினைவாற்றலைச் சார்ந்தது. ஒரு சொல்லை நினைவில் வைப்பது எளிது; நாற்பது சொற்களை வைப்பது அரிது. எனவே மனிதர் ஒரே சொல்லை எல்லாக் கதவுகளுக்கும் பூட்டாக்குகின்றனர். ஒரு கதவு திறந்தால் எல்லாம் திறக்கும். ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி என்று நிபந்தனைகளை அடுக்கியதால் பாதுகாப்பு பெருகியதோ இல்லையோ, குறிப்பேடுகளின் பக்கங்கள் பெருகின என்பதில் ஐயமில்லை.

மூவகைச் சான்று

ஒருவர் தாம் இன்னார் என்று மெய்ப்பிக்க மூன்று வழிகள் உள்ளன. தாம் மட்டும் அறிந்த ஒன்றைச் சொல்லலாம். தம்மிடம் மட்டும் உள்ள ஒன்றைக் காட்டலாம். தம் உடலின் இயல்பையே சான்றாக வைக்கலாம். கடவுச்சொல் முதல் வகை. சாவியும் வங்கி அட்டையும் இரண்டாம் வகை. கைரேகையும் முகமும் மூன்றாம் வகை.

மூன்றாம் வகை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1858-ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஆங்கில அதிகாரியாய் இருந்த வில்லியம் ஹெர்ஷல், ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் கையொப்பத்துடன் கையின் பதிவையும் வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. ஆயினும் நம் ஊர்களில் 'கைநாட்டு' என்ற சொல் நெடுங்காலம் இழிசொல்லாகவே வழங்கி வந்தது. எழுத்தறியாதவரைச் சுட்டி நகைக்கப் பயன்பட்ட அச்சொல்லின் பொருள் இன்று தலைகீழாகிவிட்டதைக் காண்க! கல்லூரிப் பேராசிரியரும் வங்கி மேலாளரும் இன்று தம் கைபேசியில் கைநாட்டு வைத்தே பணம் அனுப்புகின்றனர்.

இரண்டாம் வகையும் நம் நாட்டில் விரைந்து பரவியது. இணையத்தில் வங்கி அட்டையைக் கொண்டு பணம் செலுத்துவோர்க்கு, அட்டையில் காணப்படாத மற்றொரு சான்றும் வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் விதித்தது. நாளடைவில் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவெண் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் வழக்கம் வேரூன்றியது. இதனால் விளைந்த நன்மை பெரிது. எனினும் அவ்வெண்ணும் இறுதியில் வாயால் சொல்லக்கூடிய ஓர் இரகசியமே. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் இனிய குரலுக்கு ஏமாந்து அவ்வெண்ணைச் சொல்லி, வாழ்நாள் சேமிப்பை இழந்தோர் பலர். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு விதித்த நெறிமுறைகள், இரு சான்றுகள் வேண்டும் என்பதை நிலைநிறுத்திக்கொண்டே, குறுஞ்செய்தி அல்லாத வேறு சான்று வகைகளுக்கும் வழிவகுத்தன. 2025 அக்டோபரில் யு.பி.ஐ. பணப்பரிமாற்றத்தில், இரகசிய எண்ணுக்கு மாற்றாகக் கைபேசியின் கைரேகை அல்லது முகச்சான்றைப் பயன்படுத்தும் வசதியும் அறிமுகமாயிற்று.

உடலைச் சான்றாக்குவதிலும் இடர் இல்லாமலில்லை. தொடக்க நூலில் ஈசாக்கின் வரலாற்றை நாம் அறிவோம். பார்வை மங்கிய தந்தையின் செவிக்கு யாக்கோபின் குரல் கேட்டது. விரல்களுக்கோ ஏசாவின் உரோமம் அடர்ந்த கை தட்டுப்பட்டது. ஆட்டுத்தோல் போர்த்திய கையைத் தடவிப் பார்த்த முதியவர், செவியை விடுத்துக் கையை நம்பினார். உடற்சான்றும் போலியாக்கப்படலாம் என்பதற்கு இதனினும் பழைய எடுத்துக்காட்டு வேண்டுமோ? மேலும், களவுபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். களவுபோன கைரேகையை மாற்ற இயலாது. ஆகவே, நம் ரேகையின் பதிவு எங்கே வைக்கப்படுகின்றது என்பதே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

புதிய சாவியின் இயல்பு

இக்கேள்விக்கு நல்ல விடை தர முயல்வதே பாஸ்கீ எனப்படும் கடவுச்சாவி. 2013-இல் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பெற்ற ஃபைடோ கூட்டமைப்பு இம்முயற்சியை முன்னின்று நடத்தியது. 2019 மார்ச்சில் இணையத்திற்கான பொது விதியாக இதன் அடிப்படை ஏற்கப்பட்டது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் இதனைத் தம் கருவிகளில் விரிவாக்க ஒருங்கே உடன்பட்டன.

இதன் செயல்முறையை எளிதாய் விளக்கலாம். ஒரு நிறுவனத்தில் நாம் கடவுச்சாவியை உண்டாக்கும்போது, நம் கைபேசி ஒன்றோடொன்று இணைந்த இரு சாவிகளைப் படைக்கின்றது. ஒன்று வெளிப்படையானது, அது நிறுவனத்திடம் செல்கின்றது. மற்றொன்று இரகசியமானது, அதனை நிறுவனம் ஒருபோதும் பெறுவதில்லை. பின்னர் நாம் நுழைய விரும்பும்போது, நிறுவனம் ஒவ்வொரு முறையும் புதிதான ஓர் எண்ணை அனுப்பி, "இதில் ஒப்பமிடுக" என்று கேட்கின்றது. நாம் விரலை வைத்தவுடன் கைபேசி இரகசியச் சாவியால் ஒப்பமிட்டு அனுப்புகின்றது. தன்னிடமுள்ள வெளிச்சாவியைக் கொண்டு நிறுவனம் அவ்வொப்பத்தைச் சரிபார்க்கின்றது. 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் வெளியிட்ட இரட்டைச் சாவிக் கணிதக் கருத்தே இதற்கு வேர்.

இதனால் மூன்று நன்மைகள் விளைகின்றன. நிறுவனத்தின் பெட்டகம் கொள்ளை போனாலும் கள்வனுக்குக் கிடைப்பது வெளிச்சாவி மட்டுமே. அதனைக் கொண்டு அவன் எக்கதவையும் திறக்க இயலாது. அடுத்து, ஒவ்வொரு சாவியும் ஒரு குறிப்பிட்ட இணைய முகவரிக்கே உரியதாகையால், வங்கியைப் போலத் தோற்றமளிக்கும் போலித் தளத்தில் அது இயங்காது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் சாவி ஏமாறுவதில்லை. இறுதியாக, நம் கைரேகை கைபேசியை விட்டு வெளியே செல்வதில்லை. கைபேசிக்குள் உள்ள சாவியைத் திறப்பதற்கு மட்டுமே அது பயன்படுகின்றது. ஆதாரில் நம் ரேகை மையப் பதிவேட்டுடன் ஒப்பிடப்படுகின்றது. இங்கோ நம் கையிலுள்ள கருவிக்குள்ளேயே ஒப்பீடு முடிந்துவிடுகின்றது. இவ்விரண்டின் வேறுபாட்டைக் குடும்பத்தினர் அனைவரும் தெளிவாக உணர்தல் நலம்.

வரிசையின் கடைசியில் நிற்பவர்

பூட்டு உறுதியானது, அது போதுமா? போதாது என்பதற்கு நம் மாநிலத்து நியாயவிலைக் கடையே சாட்சி. 2017-இல் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பெற்றன. 2020 அக்டோபரில் கைரேகைப் பதிவு நடைமுறைக்கு வந்தது. மனனம் செய்ய வேண்டிய சொல் ஏதும் இல்லை. படிக்கத் தெரிந்திருக்கவும் தேவையில்லை. அவ்வகையில் இதனினும் எளிய முறை இருக்க முடியாது. ஆனால் செங்கல் சுமந்தும், பாத்திரம் துலக்கியும், சுண்ணாம்பில் உழைத்தும் தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே? முதுமை வற்றச் செய்த தோலில் பதிவு ஏது? ஆண்டெல்லாம் உழைத்ததற்குச் சான்றாய் நிற்கும் அந்தத் தேய்ந்த விரலே, "நீ நீயல்ல" என்று இயந்திரம் கூறுவதற்குக் காரணமாவது எத்துணைக் கொடுமை!

உடற்சான்று பொருந்தவில்லை என்பதற்காக உரிமையுள்ள எவருக்கும் பயன் மறுக்கப்படலாகாது என்ற கருத்து, 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் அளித்த தீர்ப்பிலும் வலியுறுத்தப்பட்டது. நியாயவிலைக் கடையிலும், வர இயலாதோர் தம் சார்பாக ஒருவரை எழுத்து மூலம் நியமிக்கும் வழி வகுக்கப்பட்டது. முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாயிலிலேயே பொருள் வழங்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கப்பெற்றது. ஓய்வூதியர் அளிக்கும் வாழ்நாள் சான்றும் இவ்வாறே படிப்படியாகத் திருந்தியது. 2014 நவம்பரில் அது கைரேகை முறையில் மின்னணு வடிவம் பெற்றது. ரேகை பதியாதோரும் பயன்பெறும் வகையில் 2021 நவம்பரில் கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்றளிக்கும் வழி சேர்க்கப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றே. ஒரு கதவின் சிறப்பை அதில் முதலாவதாக நுழையும் வலியவரைக் கொண்டு மதிப்பிடலாகாது. வரிசையின் கடைசியில் நிற்கும் மெலியவர் அங்கே எவ்வாறு நடத்தப்படுகின்றார் என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

அமைப்போர்க்கு ஒரு வேண்டுகோள்

நம் வாசகர் இல்லங்களில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞர் பலர் உளர். அவர்கள் உருவாக்கும் திரைகளின் முன்னேதான் அவர்தம் பெற்றோரும் மற்றவர்தம் பெற்றோரும் திகைத்து நிற்கின்றனர். எனவே அவர்களிடம் சிலவற்றைக் கூற விழைகிறோம்.

முதலாவது, காலம் அறிந்து கேளுங்கள். மருந்து வாங்கப் பணம் செலுத்த அவசரமாய் வந்தவரை இடைமறித்து, "புதிய சாவி வேண்டுமா?" என்று கேட்பது முறையன்று. கணக்கைத் தொடங்கும்போதோ, கணக்கு விவரங்களைத் தாமே திருத்தும்போதோ கேட்பதே தகும் என்று ஃபைடோ கூட்டமைப்பின் வழிகாட்டுதல்களும் கூறுகின்றன.

இரண்டாவது, புரியும் சொற்களால் பேசுங்கள். 'அங்கீகாரம் தோல்வியுற்றது' என்ற ஒரு வரியைக் கண்ட முதியவர், தாம் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக அஞ்சுகின்றார். "விரல் சரியாகப் பதியவில்லை, துடைத்துவிட்டு மீண்டும் வையுங்கள், அல்லது கைபேசியின் எண்ணை இடுங்கள்" என்று நல்ல தமிழில் சொல்லலாகாதா? அவ்வாறே, "உங்கள் கைரேகை எங்களுக்கு அனுப்பப்படுவதில்லை" என்ற ஒரு வாக்கியம், அது உண்மையாக இருக்கும் இடங்களில், முதல் திரையிலேயே இடம்பெறட்டும். அச்சத்தைப் போக்காத எளிமை எளிமையாகாது.

மூன்றாவது, ஒரு வழியை மட்டும் வைத்து மற்ற வழிகளை அடைத்துவிடாதீர்கள். விரல் இல்லாதவர்க்கு முகம், முகம் பொருந்தாதவர்க்கு எண், கருவியே இல்லாதவர்க்கு மனிதர் ஒருவர் என்று வழிகள் தொடர வேண்டும். மாற்று வழியை ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளித்து வைப்பது, இல்லை என்று சொல்வதற்கு நிகர்.

வெள்ளம் வந்த நாள்

நான்காவதும் தலையாயதும், சாவி தொலையும் நாளை எண்ணிக் கதவை அமையுங்கள் என்பதாகும். 2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்திற்குள் புகுந்ததை அம்மக்கள் எளிதில் மறவார். தரைத்தள வீடுகளில் இருந்தோர் கட்டிய துணியுடன் வெளியேறினர். குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், பட்டா, கைபேசி யாவும் நீரோடு போயின. அம்மாதத்திலேயே தமிழக அரசு சிறப்பு முகாம்களை அமைத்து, இழந்த ஆவணங்களைக் கட்டணமின்றி மீண்டும் வழங்க ஏற்பாடு செய்தது. தம்மை இன்னார் என்று நிறுவ ஒரு தாளும் கையில் இல்லாத மக்கள் மேசை முன் அமர்ந்து, எதிரில் இருந்த மனிதரிடம் தம் நிலையை எடுத்துரைக்க முடிந்தது.

இன்று அத்தகைய வெள்ளம் மீண்டும் வருமாயின்? எல்லாச் சாவிகளும் ஒரே கைபேசியில் இருக்க, அக்கைபேசி நீரில் மூழ்குமாயின்? கடவுச்சாவிகள் கூகுள், ஆப்பிள் முதலியவற்றின் சேமிப்பில் மறைகுறியாக்கப்பட்டுப் பிரதி எடுக்கப்படுவதால், புதிய கைபேசியில் அவற்றை மீட்கலாம் என்பது உண்மையே. ஆயினும் அச்சேமிப்பைத் திறக்கவும் ஒரு சான்று வேண்டுமன்றோ? பழைய கைபேசி எண்ணும் போய், அதன் எண் பூட்டும் நினைவில் இல்லையெனில், மூதாட்டி ஒருவர் தம் சொந்தப் பணத்தின் வாயிலிலேயே அந்நியராய் நிற்க நேரிடும். மீட்கும் வழியை மிக எளிதாக்கினால் கள்வன் அவ்வழியே நுழைவான்; மிகக் கடினமாக்கினால் உரியவரே வெளியில் நிற்பார். இவ்விரண்டிற்கும் இடையே நேர்மையான வழியைக் காண்பதே இத்துறையில் எஞ்சியுள்ள பெரும்பணி என்பது நம் கருத்து. அதற்குப் பொறியியல் மட்டும் போதாது. கிளை அலுவலகத்தில் ஒரு நாற்காலியும், அதில் அமர்ந்து பொறுமையுடன் கேட்கும் ஒரு மனிதரும் வேண்டும்.

இல்லத்தில் செய்யத் தக்கவை

இனி, குடும்பத்தினர் தாமே செய்யக்கூடியவற்றைக் கூறுவோம். நம் இல்லங்களில் கைபேசி தனிப்பொருளாய் இருப்பது அரிது. தாத்தாவின் கைபேசியில் பேரன் தன் விரலையும் பதிந்து வைத்திருப்பான். விளையாடுவதற்காகச் செய்ததாயினும், அவ்விரல் தாத்தாவின் வங்கிக் கதவையும் திறக்கக்கூடும் என்பதை எத்தனை பேர் அறிவர்? கைபேசியில் யார் யாருடைய விரல்கள் பதியப்பட்டுள்ளன என்று இன்றே பாருங்கள். தேவையற்றவற்றை அன்புடன் நீக்குங்கள்.

ஒவ்வொரு முக்கியக் கணக்கிற்கும் ஒரே கருவியை நம்பியிராமல், இயலுமாயின் இரண்டாவது கருவியிலும் ஒரு சாவியை உண்டாக்குங்கள். கைபேசியின் எண் பூட்டையும், கணக்கை மீட்க உதவும் எண்களையும் ஒரு தாளில் எழுதி, வீட்டிற்கு வெளியே நம்பிக்கைக்குரிய ஓரிடத்தில், உறையிலிட்டு வையுங்கள். பழைய குறிப்பேட்டின் நாற்பது பக்கங்களுக்கு மாற்றாக இந்த ஒரு தாள் போதும். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்பினும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் இழந்தால் நாணி மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் முறையிடுங்கள். காலம் தாழ்த்தத் தாழ்த்தப் பணம் கைமாறிவிடும்.

மக்கட் செல்வங்களுக்கும் ஒரு சொல். பெற்றோருக்காக எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுவது அன்பாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்களுடைய கைபேசியைப் பிடுங்கிச் செய்து முடித்துக் கொடுப்பீர்களாயின், அவர்கள் தம் வாழ்வின் உரிமையைச் சிறிது சிறிதாய் உங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். அருகில் அமர்ந்து, அவர்தம் விரலை அவர்களே வைக்கச் செய்து, இரண்டு முறை தவறினாலும் மூன்றாம் முறை வரை காத்திருங்கள். பிறர் துணை உண்மையாகவே வேண்டும் நிலை வருமாயின், இரகசியங்களைக் கைமாற்றிக்கொள்வதை விடுத்து, வங்கியில் முறைப்படி எழுதிக் கொடுத்து அத்துணையைப் பெறுவதே இருவர்க்கும் காப்பாகும்.

ஒரு காலத்தில் வங்கிக் கிளையிலும் அஞ்சலகத்திலும் முகத்தைக் கண்டவுடனே, "வாருங்கள் அம்மா" என்று அழைத்த எழுத்தர்கள் இருந்தனர். அவ்வழைப்பைப் பெற்றவர் தம் பெயரை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததில்லை. அவர் அறியப்பட்டவராய் இருந்தார். கடவுச்சொல் அம்மதிப்பைப் பறித்து, ஒவ்வொருவரையும் ஐயத்திற்குரியவராக்கி வாயிலில் நிறுத்தியது. புதிய சாவி அதனை ஓரளவு திருப்பித் தரக்கூடும். ஆனால் தேய்ந்த விரலும் மறந்த நினைவும் நீரில் போன கைபேசியும் உடையவரையும், "வாருங்கள்" என்று அழைக்கும் நாளில்தான் அக்கதவு நல்ல கதவு என்று பெயர் பெறும்.